ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை: கையால் செய்து பழகும் விருப்ப வகுப்பை நடத்துவது எப்படி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும். பிள்ளை செய்கிற பொருளில் உங்கள் கை படக்கூடாது. தையல் கோணினாலும் ஆணி வளைந்தாலும் விளக்கு எரியாமல் போனாலும், "இங்கே கொடு" என்று வாங்கி நாம் சரிசெய்துவிட்டால் அந்த நிமிடத்தோடு அது அந்தப் பிள்ளையின் பொருள் இல்லை. நான் இந்த வகுப்பை எடுத்த முதல் வருடம் இதைத்தான் தப்பாகச் செய்தேன். பருவ முடிவில் கண்காட்சி வைத்தோம், மேசை முழுக்க அழகழகான பொருட்கள், பெற்றோர் எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு பெண் மட்டும் தன் துணிப்பையை அம்மாவிடம் காட்டி, "இந்த ஓரம்தான் நான் தைத்தது, மிச்சமெல்லாம் டீச்சர் தைத்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது காதில் விழுந்த பிறகு என்னால் அந்தக் கண்காட்சியை ரசிக்க முடியவில்லை. அன்றிலிருந்து வகுப்பையே வேறு மாதிரி அமைத்துக்கொண்டேன், அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பதினொன்று முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ரம்பம், கத்தி, ஊசி, சாலிடரிங் அயர்ன் (உலோகத்தை உருக்கி ஒயரை ஒட்டுகிற சூட்டுக்கோல்) எல்லாமே பிடிக்க வரும், கை அந்த அளவுக்குத் தேறிவிட்டது. ஆனால் பக்கத்தில் இருப்பவன் பார்க்கிறான் என்கிற கூச்சம் இந்த வயதில்தான் அதிகம். ஒரு தடவை சொதப்பினால் "எனக்கு இதெல்லாம் வராது" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் எந்த வேலையைக் கொடுக்கிறோம் என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது.

நான் பார்ப்பது இவ்வளவுதான்: இரண்டு மூன்று வகுப்புக்குள் முடிய வேண்டும், தப்பு நடந்தால் பிள்ளையின் கண்ணுக்கே தெரிய வேண்டும், பிரித்துத் திரும்பச் செய்தால் பெரிய செலவு வரக்கூடாது, அப்புறம் வீட்டுக்கு எடுத்துப் போனால் அது எதற்காவது பயன்பட வேண்டும். இரண்டாவதுதான் ரொம்ப முக்கியம். தப்பு எங்கே என்று ஆசிரியர் சொல்லித்தான் தெரியும் என்றால், பிள்ளை ஒவ்வொரு அடிக்கும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

முதல் வேலையாக நான் எப்போதும் கொடுப்பது நோட்டுப் புத்தகம் தைப்பது. நான்கு ஏ4 தாளை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்தால் பதினாறு பக்கம் வரும். வெளியே கொஞ்சம் கெட்டியான அட்டை ஒன்றை மடித்துப் போட்டு, மடிப்புக் கோட்டின் மேல் நடுவில் ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று குத்தூசியால் மூன்று ஓட்டை போட வேண்டும். நூல் ஐம்பது அறுபது சென்டிமீட்டர் போதும். உள்பக்கம் நடு ஓட்டையில் ஊசியை விட்டு வெளியே எடு, கொஞ்சம் வாலை உள்ளேயே விட்டுவை. வெளியிலிருந்து மேல் ஓட்டை வழியாக உள்ளே வா. உள்ளே நடு ஓட்டையைத் தாண்டி நேராகக் கீழ் ஓட்டைக்குப் போய் வெளியே எடு. வெளியிலிருந்து மறுபடி நடு ஓட்டை வழியாக உள்ளே வா. இப்போது நூலின் இரண்டு நுனியும் உள்ளே நடுவில் இருக்கும். நீளமாக ஓடுகிற நூலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வருகிற மாதிரி வைத்து முடிச்சுப் போட்டால் வேலை முடிந்தது. நூலை இறுக்கும்போது மடிப்புக் கோட்டின் போக்கிலேயே இழுக்க வேண்டும், தாளுக்குக் குறுக்கே இழுத்தால் ஓட்டை கிழியும்.

இதில் நடக்கிற தப்பு எல்லாமே பளிச்சென்று தெரியும். ஓட்டை மடிப்பில் விழாமல் தள்ளிப்போயிருந்தால் நோட்டு கோணலாகத் திறக்கும். இரண்டு நுனியையும் நீள நூலுக்கு ஒரே பக்கமாக வைத்து முடிந்திருந்தால் நூல் தொளதொளவென்று இருக்கும். நீங்கள் ஒன்றுமே சொல்ல வேண்டாம், அவர்களே பிரித்துவிட்டு இன்னொரு தடவை தைப்பார்கள். இன்னொரு லாபமும் இருக்கிறது: பருவம் முழுக்க எல்லா வேலைக்கும் குறிப்பு எழுதப்போவது இந்த நோட்டில்தான். தான் தைத்த நோட்டைத் தொலைக்கிற பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்த வேலைகளை உங்களிடம் இருக்கிற இடத்தையும் கருவியையும் பொறுத்து முடிவு செய்யலாம். எனக்குப் பிடித்த சிலவற்றைச் சொல்கிறேன்.

எல்இடி விளக்குக்கு மூன்று வோல்ட் பட்டன் பேட்டரி ஒன்றே போதும். எல்இடியின் இரண்டு கம்பிக் கால்களில் நீளமானது பிளஸ் என்பதை முன்கூட்டியே சொல்லாதீர்கள். மாற்றி வைத்தால் எரியாது, அவ்வளவுதான், மூன்று வோல்ட்டில் எதுவும் கெட்டுப்போகாது. அவர்களே திருப்பி வைத்துப் பார்த்து, எரிந்ததும் காலின் நீளத்தைக் கவனித்து, பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். ஒன்பது வோல்ட் பேட்டரிக்குப் போகும்போது மட்டும் மின்சாரத்தைக் குறைக்கிற ரெசிஸ்டர் கட்டாயம், 470 ஓம் போட்டால் பாதுகாப்பான அளவு மின்சாரம்தான் ஓடும், போடாவிட்டால் எல்இடி கருகிவிடும். பட்டன் பேட்டரியைக் கொடுக்கும்போது எண்ணிக் கொடுங்கள், வாங்கும்போதும் எண்ணி வாங்குங்கள். வீட்டில் இருக்கும் சின்னக் குழந்தை அதை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரிக்க ஆரம்பித்துவிடும், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம் அது. இதைப் பிள்ளைகளிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். பயமுறுத்துகிறோம் என்று அவர்கள் நினைப்பதில்லை, நம்மை நம்பிச் சொல்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுவது பலருக்குத் தோன்றவே தோன்றாது, ஆனால் இந்த வயதுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை குறைவு. பழைய டியூபில் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடித்து, துடைத்துக் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். எல்லோரும் தவறுகிற இடம் ஒன்றுதான்: சொல்யூஷனைத் தடவியதும் ஈரமாக இருக்கும்போதே ஒட்டை வைத்துவிடுவார்கள். சில நிமிடம் காத்திருந்து, விரல் வைத்தால் ஈரம் தெரியாத பக்குவம் வந்த பிறகுதான் வைக்க வேண்டும். அவசரப்பட்டவனுடைய ஒட்டு தண்ணீரில் திரும்பக் குமிழி விடும். பொறுமையைப் பற்றி நாம் பாடம் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

மரவேலையில் மெத்தென்ற மரமாகக் கொடுங்கள், கட்டையை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்காமல் ரம்பத்தைத் தொடவிடாதீர்கள். முதல் இழுப்பு தன் பக்கமாக, மெதுவாக, ஒரு சின்னக் கோடு விழுகிற அளவுக்கு மட்டும்; அந்தத் தடம் விழுந்த பிறகு அறுக்கலாம். தேய்ப்பதற்கு உப்புத்தாள் 80 (சொரசொரப்பானது), அப்புறம் 120, கடைசியில் 220 (மென்மையானது) என்று வரிசையாகப் போக வேண்டும், நேராக 220-ஐ எடுத்தவன் அரை மணி நேரம் தேய்த்தும் ரம்பத் தடம் போகாமல் தவிப்பான். தவிக்கட்டும், அடுத்த துண்டுக்கு அவனே 80-ஐத் தேடி வருவான்.

பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் எடுத்து அசைவுப் படம் செய்வதற்கு ஒரு போனும் அதைப் பிடித்து நிறுத்த ஒரு ஸ்டாண்டும் போதும். ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படம் என்று கணக்கு வைத்தால் பத்து விநாடிக்கு 120 படம் எடுக்க வேண்டும், அதனால் கதையைச் சின்னதாக வைக்கச் சொல்லுங்கள். ஜன்னல் திரையை மூடிவிட்டு விளக்கு வெளிச்சத்தில் எடுங்கள், இல்லையென்றால் மேகம் நகர நகரப் படம் மினுமினுக்கும். தோட்டம் போடுவதாக இருந்தால் முதல் வாரமே விதைத்துவிடுங்கள், முள்ளங்கி மாதிரி ஒரு மாதத்தில் பிடுங்கக்கூடியதாகவும் பாருங்கள்.

யாருக்கு எந்த வகுப்பு என்பதை முடிவு செய்ய, ஒவ்வொரு பிள்ளையிடமும் மூன்று விருப்பத்தை வரிசைப்படுத்தித் தனியாக எழுதி வாங்குங்கள். கை தூக்கச் சொன்னால் நண்பன் தூக்குகிற இடத்தில்தான் எல்லாக் கையும் எழும். மரவேலைக்குப் பையன்கள், தையலுக்குப் பெண்கள் என்று தானாகவே பிரியும், அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். பின்லாந்தில் உனோ சிக்னேயஸ் என்கிற கல்வியாளரின் முயற்சியால் 1866-லேயே மக்கள் பள்ளிகளில் கைவேலை ஒரு பாடமாக வந்துவிட்டது, ஆனாலும் அங்கேயே வெகுகாலம் மரம், உலோக வேலை ஒரு பக்கம், துணி வேலை ஒரு பக்கம் என்றுதான் பிரிந்து கிடந்தது. 2014 பாடத்திட்டத்தில்தான் இரண்டையும் சேர்த்து எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பாடமாக்கினார்கள். நான் செய்வது எளிமையானது: ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டுமே வருகிற மாதிரி வேலை கொடுப்பேன், மரச்சட்டம் போட்ட துணித் தொங்கல், உள்ளே எல்இடி வைத்துத் தைத்த பொம்மை, இப்படி.

நேரம் பற்றி நிர்வாகத்திடம் கறாராகப் பேசுங்கள். நாற்பத்தைந்து நிமிடப் பீரியடில் எடுத்துவைக்கவும் ஒதுங்கவைக்கவுமே பாதி போய்விடும். வாரத்தில் இரண்டு தனித்தனி பீரியடைவிட, சேர்ந்தாற்போல எண்பது தொண்ணூறு நிமிடம் ஒரே தடவை கிடைப்பது எவ்வளவோ மேல். அதில் நீங்கள் செய்து காட்டுவது ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. கடைசிப் பத்து நிமிடம் சுத்தம் செய்வதற்கு, அதில் யாருக்கும் விலக்கு இல்லை. கத்தி, ரம்பம், சாலிடரிங் இருக்கிற வேலை என்றால் ஒரு ஆசிரியருக்குப் பதினாறு பிள்ளைக்கு மேல் நான் எடுப்பதில்லை. கூடுதலாக இருந்தால் பாதிப் பேர் கருவியோடும் பாதிப் பேர் வரைபடத்தோடும் என்று பிரித்து நடுவில் மாற்றிவிடுவேன். எந்த வேலையையும் முந்தின நாளே நீங்கள் ஒரு தடவை செய்து பாருங்கள். உங்களுக்கு ஆன நேரத்தைப்போல மூன்று மடங்கு அவர்களுக்கு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கருவிகளைப் பெட்டியில் கொட்டி வைக்காதீர்கள். சுவரில் ஒரு பலகை மாட்டி, ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் அதன் மேல் கோடாக வரைந்து, அந்தந்த இடத்தில் தொங்கவிடுங்கள். வகுப்பு முடியும்போது ஒரு பார்வையில் எது திரும்பவில்லை என்று தெரிந்துவிடும். இடது கைக்காரருக்கான கத்தரிக்கோல் குறைந்தது இரண்டு வாங்கி வையுங்கள், வலது கைக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் வெட்டுகிற கோடே கண்ணில் படாது, அந்தப் பிள்ளைக்குக் கை வரவில்லை என்று நாம் தப்பாக நினைத்துவிடுவோம். சிவப்பு பச்சை வித்தியாசம் தெரியாத பிள்ளைகளும் இருப்பார்கள், பையன்களில் இது அதிகம். அதனால் ஒயரை நிறத்தை வைத்து மட்டும் சொல்லாமல் காகிதம் ஒட்டிக் குறியிடுங்கள்.

பாதுகாப்பில் வளைந்துகொடுக்காதீர்கள். வெட்டும்போதும் அடிக்கும்போதும் சாலிடர் செய்யும்போதும் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும், நீள முடி என்றால் கட்ட வேண்டும், டிரில் மாதிரிச் சுற்றுகிற கருவி பக்கத்தில் கையுறை கூடாது, அது கையையும் சேர்த்து இழுத்துவிடும். சாலிடரிங் அயர்னின் முனை 350 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்கும், பார்த்தால் சூடு தெரியாது. ஈயம் கலக்காத சாலிடர் வாங்குங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடிந்ததும் கை கழுவச் சொல்லுங்கள். பசைத் துப்பாக்கி வாங்கினால் குறைந்த சூட்டில் ஓடுகிற வகையாகப் பாருங்கள். சுட்டுக்கொண்டால் ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும், ஐஸும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். ஒவ்வொரு கருவிக்கும் பிள்ளை உங்களிடம் சொல்லிக்காட்டி, செய்துகாட்டி, நோட்டில் கையெழுத்து வாங்கின பிறகே தனியாகத் தொடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கை நடுவில் போக வேண்டிய ஒரே சந்தர்ப்பம் ஆபத்துதான், அப்போது யோசிக்காமல் போக வேண்டும்.

சரி, மாட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளையை என்ன செய்வது? பக்கத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள்: கடைசியாக எது சரியாக வந்தது, அதற்கப்புறம் என்ன செய்தாய், இப்போது எதை மாற்றிப் பார்க்கலாம்? பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முகம் மாறும். நிஜமாகவே செய்துகாட்ட வேண்டிய நேரமும் வரும், முடிச்சுப் போடுவதையெல்லாம் வாயால் சொல்லி விளக்க முடியாது. அதற்காக உங்களுக்கென்று ஒரு மாதிரித் துண்டு எப்போதும் கையில் இருக்கட்டும். அதில் செய்துகாட்டுங்கள், உடனே பிரித்துவிடுங்கள், பிள்ளை தன்னுடையதில் செய்யட்டும். நேரம் அதிகமாகும், வரிசையில் நான்கு பேர் காத்திருப்பார்கள், இருந்தாலும் இந்த ஒன்றை விட்டுக்கொடுக்காதீர்கள்.

மதிப்பெண் போட்டே ஆக வேண்டும் என்றால் பொருளின் அழகுக்குப் போடாதீர்கள். எது உடைந்தது, ஏன், இரண்டாவது தடவை எதை மாற்றினேன் என்று நோட்டில் அரைப் பக்கம் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். எழுத வராத பிள்ளை வரையலாம், வாயால் சொல்லலாம். எட்டுப் பத்து வாரப் பருவத்தில் கடைசி மூன்று நான்கு வாரத்தை அவரவர் யோசித்த வேலைக்கு ஒதுக்குங்கள், அங்கேதான் இதுவரை கற்றது எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று தெரியும்.

கண்காட்சியில் முதலில் சொதப்பிய பொருளையும் கடைசியாக வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள், பிள்ளை நின்று தானே விளக்கட்டும், நீங்கள் கூட்டத்தின் பின்னால் போய் நில்லுங்கள். நன்றாக வந்தவற்றைப் பள்ளி அலமாரிக்கு என்று எடுத்துவைக்கிற பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். போட்டோ எடுத்துக்கொள்ளலாம். பொருளை அன்றைக்கே அவர்கள் கையில் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.