எலி மருந்தை வண்டிக்குள் வைக்காதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி கார் கொண்டுவந்தார். தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறார், இதுதான் முதல் வண்டி. காலையில் ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் உதறுகிறதாம். பொனட்டைத் திறந்தேன். எயார் ஃபில்டர் பெட்டிக்குள் சாக்கு நூல், காய்ந்த புல், கிழிந்த கடதாசி, நடுவில் வசதியாக ஒரு குழி. இன்ஜெக்டருக்குப் போகிற வயர் இரண்டு அறுந்து கிடந்தது.

‘கூடு கட்டியிருக்கே தம்பி’ என்றேன்.

‘தெரியும் அண்ணே. முந்தாநாளே மருந்து வாங்கி உள்ளுக்கு வச்சிட்டேன்’ என்றார், பாராட்டுவேன் என்று நினைத்த முகத்தோடு. நாலு கட்டி வைத்தாராம். தேடினோம், இரண்டுதான் கிடைத்தது. நான் டோர்ச்சை வைத்துவிட்டு ஒரு பிளேன்டீ குடிக்கப் போய்விட்டேன்.

அட்டனில் இருபது வருடமாக வண்டி வயரிங் வேலை பார்க்கிறேன். வண்டியில் சாப்பாட்டை விடாதே, குப்பையைச் சேர்க்காதே என்பதெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார். நான் செய்து நொந்ததையும், புதிதாக வண்டி வாங்குகிறவர்கள் இன்னும் செய்துகொண்டிருப்பதையும் மட்டும் எழுதுகிறேன்.

மருந்து வைப்பது

2022இல் டீசல் இல்லாத காலம். எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்த புதிதில் வான் ஒன்றுக்கு வாரம் 20 லீட்டர். என் டொல்பின் வான் வீட்டுப் பக்கத்தில், விறகு அடுக்கை ஒட்டி, வாரக்கணக்கில் நின்றது. ஒரு நாள் உள்ளே எலிப் புழுக்கை கண்டேன். மருந்து வாங்கினேன். ‘இதைத் தின்ற எலி தண்ணி தேடி வெளியே ஓடிரும், உள்ளுக்குச் சாகாது’ என்று விற்றவர் சத்தியம் செய்தார். நானும் நம்பினேன்.

அது சுத்தப் பொய். கடைகளில் விற்கும் கட்டி மருந்துகளில் பெரும்பாலானவை இரத்தம் உறைவதைத் தடுக்கிற வகை. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் எடுக்கும், ஒரு வாரம்கூட ஆகும். உள்ளுக்குள் இரத்தம் கசிந்து சோர்ந்துபோகும். சோர்ந்த எலி ஆற்றுக்கா போகும்? கதகதப்பான தன் கூட்டுக்குத்தான் போகும். கூடு உங்கள் வண்டிக்குள். அதோடு, அந்தக் கட்டியே தானியத்தில் செய்தது. வராத எலியையும் வாசம் காட்டிக் கூப்பிடும்.

டீசல் கிடைத்ததும் வந்த முதல் ஹயர் கட்டுநாயக்கவுக்கு. வெளிநாடு போகிற மகளை வழியனுப்ப ஒரு குடும்பமே ஏறியது. அட்டனில் யார் ஏசி போடுகிறார்கள்? கினிகத்தேனை தாண்டி கித்துல்கலைக்கு இறங்கியதும் வெக்கை. போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பின் சீட்டில் இருந்த பெரியம்மா முதலில் பேரப்பிள்ளையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். விமான நிலையம் வரைக்கும் யன்னலைத் திறந்துகொண்டே போனோம். காசு குறைக்காமல் தந்தார்கள், பாவம். மறுபடி கூப்பிடவே இல்லை.

திரும்பி வந்து டாஷ்போர்டைக் கழற்றினேன். இரண்டு நாள் வேலை. ஏசிக் காற்றை ஊதுகிற புளோவருக்குள் கூடு இருந்தது, எலி இல்லை. கடைசியில் கூரையோடு போகிற ஏசிக் குழாயின் வளைவில் கிடைத்தது. நம் ஊர்க் குளிரிலும் ஈரத்திலும் செத்தது லேசில் காய்வதில்லை, நாற்றம் இழுத்துக்கொண்டே போகும். எனக்கு மூன்று வாரம். நான் வயரிங்காரன், கூலி மிச்சம். உங்களுக்கு அதுவும் சேரும். பழைய டாஷ்போர்டில் உடைகிற கிளிப்புக்கும் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும். இதெல்லாம் நடந்த பிறகும், ‘மருந்துதான் லேசு அண்ணே’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பொறி வையுங்கள். வண்டிக்குள் அல்ல, வெளியே, சுவரோரமாக. எலி திறந்த வெளியில் நடக்க விரும்பாது, சுவரை உரசிக்கொண்டுதான் போகும். கருவாட்டுத் துண்டோ சுட்ட தேங்காய்ச் சொட்டோ போதும். முதல் இரண்டு இரவு பொறியை இழுத்து வைக்காமல் தீனியை மட்டும் வையுங்கள், பழகட்டும். மூன்றாவது இரவு இழுத்து வையுங்கள். விடிந்ததும் போய்ப் பாருங்கள்.

ஏசியை வெளிக்காற்றில் விட்டு நிறுத்துவது

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நிறைய வண்டிகளில், காற்று வெளியிலிருந்து வருகிற நிலையில் விட்டு எஞ்சினை நிறுத்தினால், முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற காற்று வழியின் கதவு திறந்தபடியே நிற்கும். அந்த வழியாக எலி இறங்கினால் நேரே புளோவர்தான். நிறுத்தும் முன் உள்காற்று சுழலும் பொத்தானை அமுக்கிவிட்டு அணையுங்கள். கதவு மூடிக்கொள்ளும். செலவு ஒரு சதமும் இல்லை.

நிறுத்தும் இடம்

தோட்டத்து லயன் வீடுகள் வரை வண்டி போகாது என்று, கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் பக்கம் விட்டுவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். சாக்கும் புல்லும் இருக்கிற இடம் அது. குளிர் இரவில் எஞ்சின் சூடு ஆற நேரமெடுக்கும், எலிக்கு அடுப்பங்கரை மாதிரி. விறகு அடுக்கிலிருந்தும் புதரிலிருந்தும் நாலைந்து அடியாவது தள்ளி நிறுத்துங்கள். தரை வரை தொங்கும் கவர் போட்டு மூடினால், மறைவும் நீங்களே கொடுத்ததாகிவிடும்.

பூச்சி உருண்டை

அதன் வாசம் ஒரு மழை இரவு தாங்காது. எலி வரும், உங்களுக்குத் தலைவலியும் வரும்.

மண்ணெண்ணெய் தடவுவது

தீப்பிடிக்கிற சாமானை எஞ்சினில் பூசுவதற்கு என்ன சொல்ல.

டேப் சுற்றி முடிப்பது

எலியின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் கடித்துக்கொண்டே இருக்கும். கடித்த வயரை முறுக்கி, டேப் சுற்றி, முடிந்தது என்று போகிறவர்கள் ஆறு மாதத்தில் திரும்பி வருகிறார்கள். பனி உள்ளே இறங்கிச் செம்பு பச்சை பூத்திருக்கும். ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாய் போட வேண்டும். ஹைபிரிட் வண்டியில் செம்மஞ்சள் நிற வயர் கடிபட்டிருந்தால் கையே வைக்காதீர்கள். அதில் ஓடுவது நூறு வோல்ட்டுக்கு மேல். பின் சீட் ஓரத்தில் பெட்டரிக்குக் காற்றுப் போகிற துவாரம் இருந்தால் அதையும் பாருங்கள். எலி மயிரும் குப்பையும் அடைத்தால் பெட்டரி சூடேறும்.

கூட்டை எயார் அடித்து ஊதுவது

நானும் வாலிப வயதில் செய்தேன், வாய் திறந்தபடி. எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கையுறை, முகக்கவசம் போட்டு, குளோரின் கரைசல் தெளித்து நனைத்து, துணியால் அள்ளுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் வேறு யாரிடமாவது கொடுங்கள். பிறகு சில நாளிலோ சில வாரத்திலோ காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், எலிக்கூடு அள்ளிய கதையை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வலை

காற்று வழியை மூட, 6 மில்லிமீட்டருக்கும் சின்ன ஓட்டையுள்ள கம்பி வலை. ஓட்டை 6 மில்லிமீட்டர் இருந்தாலே சுண்டெலி நுழைந்துவிடும்.

பூனை

வளர்க்கலாம். ஆனால் அதுவும் சூட்டுக்கு எஞ்சின் மேல்தான் படுக்கும். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பொனட்டை இரண்டு தட்டு தட்டுங்கள்.