விண்டோஸ்ல எழுதின பைத்தான் ஸ்கிரிப்ட் லினக்ஸ்லயும் மேக்லயும் ஓடணும்னா

பைத்தான் எந்த ஓஎஸ்லயும் ஓடும், ஆனா நாம எழுதற ஸ்கிரிப்ட் ஓடுமாங்கறது வேற விஷயம். பெரும்பாலும் லாஜிக்ல பிரச்சனை வராது, ஃபைலைத் தொடற எடத்துலதான் வரும், அதனால மொதல்ல அங்க பாருங்க.

தமிழ் டேட்டாவோட வேலை செய்யறவங்க என்கோடிங்க (எழுத்த பைட்டா மாத்தி சேமிக்கற முறைய) மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. ஃபைலைத் திறக்கற ஓப்பன் ஃபங்ஷன்ல ஃபைல் பேரை மட்டும் குடுத்தா லினக்ஸும் மேக்கும் பொதுவா யூடிஎஃப்-8னு எடுத்துக்கும், ஆனா விண்டோஸ் நம்ம ஊர் செட்டிங்ல பெரும்பாலும் சிபி1252ங்கற பழைய என்கோடிங்க எடுத்துக்கும். யூடிஎஃப்-8ல 'அ'வுக்கு 3 பைட், சிபி1252 அத மூணு தனி எழுத்தா படிச்சு குப்பையா காட்டும். புள்ளி வந்தா இன்னும் மோசம், ஏன்னா புள்ளியோட கடைசி பைட் 8டி, சிபி1252ல அந்த நம்பருக்கு எழுத்தே கிடையாது, அதனால யூனிகோட் டிகோட் எரர்னு சொல்லி ஸ்கிரிப்ட் அங்கயே நின்னுடும். புள்ளி இல்லாம தமிழ்ல எத்தன வரி எழுத முடியும் சொல்லுங்க? அதனால படிக்கறதோ எழுதறதோ, ஓப்பன் வர்ற ஒவ்வொரு எடத்துலயும் என்கோடிங் யூடிஎஃப்-8னு நீங்களே குடுத்துடுங்க. எக்செல்ல டபுள் கிளிக் பண்ணி திறக்கப்போற சிஎஸ்வின்னா மட்டும் யூடிஎஃப்-8-சிக்னு குடுங்க, இது யூடிஎஃப்-8தான்னு எக்செல்லுக்குக் காட்டற அடையாளத்த அது ஃபைல் ஆரம்பத்துல சேத்துடும்.

அடுத்து பாத், அதாவது ஃபைல் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு சொல்ற முகவரி. சி டிரைவ்னு ஆரம்பிச்சு பேக்ஸ்லாஷ் போட்டு முழு பாத்தையும் கோட்ல எழுதாதீங்க. பேக்ஸ்லாஷுக்கு அப்புறம் 'என்' எழுத்து வந்தா பைத்தான் அத புது வரின்னு நெனச்சுக்கும், அது தனி தலைவலி. பைத்தான் 3.4லயே பாத்தக் கையாள பாத்லிப்ங்கற மாட்யூல் வந்துடுச்சு, அதுல ரெண்டு பாகத்துக்கு நடுவுல ஒரு ஸ்லாஷ் போட்டா போதும், அந்தந்த ஓஎஸுக்கு ஏத்த மாதிரி அதுவே சேத்துக்கும். ஹோம் ஃபோல்டருக்கு பாத்.ஹோம், தற்காலிக ஃபைலுக்கு டெம்ப்ஃபைல் மாட்யூல்.

ஃபைல் பேர எல்லாம் சின்ன எழுத்துல வெச்சுக்கோங்க. டேட்டா.சிஎஸ்வில 'டி' பெருசா சின்னதாங்கறத விண்டோஸும் மேக்கும் சாதாரணமா கண்டுக்காது, லினக்ஸ் கண்டிப்பா கேக்கும். பேர்ல நேரம் போடறப்ப கோலன் வேண்டாம், விண்டோஸ் ஏத்துக்காது, ஹைஃபன் போடுங்க.

தமிழ்ல ஃபைல் பேர் வெக்கறவங்களுக்கு இன்னொண்ணு. மேக்கோட பழைய எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் 'கோ'வுல இருக்கற ஓகாரத்த ஏகாரக் கொம்பு, கால்னு ரெண்டா பிரிச்சுதான் சேமிக்கும். கண்ணுக்கு ஒரே பேர்தான், ஆனா ஒப்பிட்டா ஃபால்ஸ்னு வரும். ஒப்பிடறதுக்கு முன்னாடி யூனிகோட்டேட்டா மாட்யூல் நார்மலைஸ்ல என்எஃப்சி (பிரிஞ்சத ஒண்ணா சேத்து எழுதற வடிவம்) குடுத்து ரெண்டு பேரையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்துடுங்க.

கூடவே ஷெல் ஸ்கிரிப்ட் இருந்தா கிட்டோட கிட்அட்ரிப்யூட்ஸ் ஃபைல்ல அதோட வரி முடிவுக் குறி எல்எஃப்னு போட்டுடுங்க, விண்டோஸோட வரி முடிவுக் குறியான சிஆர்எல்எஃப் உள்ள போனா லினக்ஸ்ல பேட் இன்டர்பிரட்டர்னு கத்தும்.

மூணு மெஷின் கையில இல்லாட்டி பரவால்ல, கிட்ஹப்போட மெஷின்லயே டெஸ்ட்ட தானா ஓட்டற கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்ல மேட்ரிக்ஸ்னு போட்டு உபுண்டு, விண்டோஸ், மேக் மூணுலயும் டெஸ்ட்ட ஓட விடலாம், பப்ளிக் ரெப்போன்னா காசு கிடையாது. டெஸ்ட்ல தமிழ்ப் பேர் வெச்ச ஒரு ஃபைலும், பேர்ல ஸ்பேஸ் இருக்கற ஒரு ஃபோல்டரும் கட்டாயம் இருக்கட்டும்.