திருகோணமலையிலிருந்து இரண்டு இரவு சூரைத் தூண்டில்: முதல் தடவை போகிறவர்களுக்கு

சூரை பிடிக்க ஆழ்கடலுக்குப் போக ஆசைப்படுகிற தம்பிமார் என்னிடம் முதலில் கேட்பது எந்த றீல் வாங்குவது என்றுதான். அதைப் பிறகு பார்க்கலாம். இரண்டு இரவு, மூன்று பகல் படகிலேயே தங்கித் தூண்டில் போடுவதென்றால் பாதிக்கு மேற்பட்ட வேலை கரையில்தான் இருக்கிறது, ஏனென்றால் மீன் அடித்த பிறகு எதையும் கற்றுக்கொள்ள நேரம் கிடைக்காது.

யூடியூப்பில் அமெரிக்காவின் சான் டியாகோவிலிருந்து பல நாள் பயணம் போகும் படகுகளைப் பார்த்துவிட்டு, "நம்ம கடலில் யெல்லோடெயில் வருமா அண்ணை?" என்று கேட்கிறார்கள். அவர்கள் கலிபோர்னியா, மெக்சிகோ பக்கம் பிடிக்கிற யெல்லோடெயில் சூரையே இல்லை, நம் பாரை மீனின் குடும்பம். நாம் தேடிப் போவது யெல்லோஃபின், அதாவது மஞ்சள் துடுப்புச் சூரை, சிங்களத்தில் கெலவல்லா. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாகக் கேட்பதால் பலர் குழம்புகிறார்கள். அவர்களுடைய தூண்டில் முறைகளில் பெரும்பாலானவை நமக்கும் பொருந்தும்.

முதல் படி: நாள் குறிப்பது

வாடைக்காற்றுக் காலத்தில், ஒக்டோபர் கடைசியிலிருந்து பெப்ரவரி வரை, நம் கரையில் இதை நினைக்கவே வேண்டாம். மார்ச் முதல் செப்டெம்பர் வரை கடல் நம் பக்கம். அதிலும் முதல் தடவை போகிறவருக்கு ஏப்ரலும் மேயும்தான் என் தெரிவு. ஜூன், ஜூலையில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும், அப்போது கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் தகடு மாதிரிக் கிடக்கும், பத்துப் பதினைந்து மைல் வெளியே போனதும் அலை குட்டை குட்டையாக எழும்பும், திரும்பி வரும் வழி முழுக்கக் காற்றுக்கு எதிரே வரவேண்டும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவித்தலைப் புறப்படுவதற்கு முதல் நாளும் புறப்படும் அன்று காலையும் பாருங்கள். படகை ஓட்டும் ஸ்கிப்பர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், கொடுத்த முற்பணத்தை நினைத்து அவரை நெருக்காதீர்கள்.

இரண்டாம் படி: படகு

படகின் அழகைப் பார்க்காதீர்கள், ஓட்டுகிறவருடன் அரை மணி நேரம் பேசுங்கள். லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று இருக்கிறதா? விஎச்எஃப் ரேடியோ வேலை செய்கிறதா? இயந்திரம் நின்றால் என்ன செய்வார்? படுக்க எத்தனை பேருக்கு இடம்? ஐஸ் எவ்வளவு ஏற்றுவார்? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள், காரணத்தைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

நம் ஊருக்குக் கடல் கொடுத்த ஒரு வசதி இருக்கிறது. மகாவலி வந்து கலக்கும் கொட்டியாரக் குடாவிலிருந்து ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு நேரே வெளியே இறங்குகிறது, போகப் போக 3,000 மீற்றருக்கும் மேல் ஆழம். திமிங்கிலங்கள் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவதும் இந்த ஆழத்தால்தான். வேறு ஊரில் நாள் முழுக்க ஓடித் தேடும் நீல நிறத் தண்ணீரை நாம் கோணேசர் கோயில் பாறை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே பார்க்கிறோம். ஆகவே "ரொம்பத் தூரம் போகிறோம்" என்று சொல்லிக் கூடுதல் டீசல் காசு கேட்டால் எந்தப் பக்கம், எத்தனை மைல் என்று விவரம் கேளுங்கள். புறாமலைத் தீவின் பக்கம் தூண்டில் போடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். அது 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கே கூடாது.

மூன்றாம் படி: சாமான்

படகுக்காரரிடம் நல்ல தூண்டில் இருந்தால் முதல் பயணத்துக்கு அதையே வாடகைக்கு எடுங்கள். சொந்தமாக வாங்குவதானால் 50 இறாத்தல் இழுவை தாங்கும் பிரெய்ட் (பின்னல்) நூல் குறைந்தது 300 மீற்றர் கொள்ளும் ஸ்பின்னிங் றீல், அதற்கேற்ற உறுதியான தடி, 80 அல்லது 100 இறாத்தல் தங்கூசி லீடருக்கு, அதாவது பிரெய்ட்டுக்கும் முள்ளுக்கும் இடையே கட்டும் துண்டுக்கு. போலி இரைகளில், நீர்மட்டத்தில் எறிய ஒன்றிரண்டு பொப்பரும் ஸ்டிக்பெய்ட்டும், கீழே இறக்க 150 முதல் 200 கிராம் ஜிக் என்னும் உலோக இரை நாலைந்து, உயிர் இரைக்கு வட்டத் தூண்டில் முள் ஒரு பெட்டி. இவ்வளவும் போதும். பத்து நிறத்தில் பொப்பர் வாங்கும் காசில் நல்ல லீடரை வாங்குங்கள்.

நான்காம் படி: வீட்டு முற்றத்தில் பயிற்சி

இந்தப் படியை மட்டும் தயவுசெய்து தவறவிடாதீர்கள். என் முதல் பயணத்தில் விடியற்காலையில் ஒரு மீன் அடித்து நூறு மீற்றர் நூலை இழுத்துக்கொண்டு போய், பிரெய்ட்டும் லீடரும் சேரும் முடிச்சில் கழன்று போனது. முடிச்சு நான் போட்டதுதான், ஆடுகிற படகில், டோர்ச் வெளிச்சத்தில், அவசரமாக. அந்த மீனின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. இன்றைக்கும் அது எவ்வளவு பெரிது என்று நினைத்துப் பார்ப்பேன்.

பிரெய்ட்டையும் லீடரையும் சேர்க்கும் எஃப்ஜி முடிச்சைக் கற்றுக்கொள்ளுங்கள். லீடரை இறுக்கிப் பிடித்து அதன்மேல் பிரெய்ட்டை மாறி மாறி ஏறக்குறைய 20 சுற்றுச் சுற்றி, எச்சில் தடவி இழுத்து, பிரெய்ட்டின் நிறம் கொஞ்சம் கறுக்கும்வரை இறுக்கி, மேலே அரை முடிச்சுகளால் பூட்டவேண்டும். கையில் துணி சுற்றிக்கொண்டு முழுப் பலத்தோடும் இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள். ஒரு வாரம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து முடிச்சு என்று போட்டால் கை பழகிவிடும்.

அடுத்தது டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நூல் எவ்வளவு இறுக்கத்தில் வெளியேறவேண்டும் என்று றீலில் வைக்கும் திருகு. மீன் கடைத் தொங்கு தராசு ஒன்றை நூல் நுனியில் கட்டி, தம்பியையோ மகளையோ பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். 50 இறாத்தல் என்பது ஏறக்குறைய 23 கிலோ, அதில் நாலில் ஒரு பங்கு, அதாவது ஐந்தரை ஆறு கிலோ இழுவையில் நூல் ஒரே சீராக வெளியேறவேண்டும். அந்த இழுவை எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரிந்துவிட்டால் கடலில் பதறிப்போய்த் திருகை இறுக்கமாட்டீர்கள். நூல் அறுவதற்கு அந்தப் பதற்றம்தான் பெரும்பாலும் காரணம்.

ஐந்தாம் படி: உடம்பு

கடல் மயக்கம் வராதவர் என்று யாரும் இல்லை, இன்னும் வரவில்லை என்பதுதான். மருந்துக் கடையில் சின்னரிசின் மாதிரியான மாத்திரை கிடைக்கும், ஏற்கெனவே வேறு மருந்து எடுப்பவர்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டு எடுக்கவேண்டும், மயக்கம் வந்த பிறகு அல்ல, அதற்கு முன்பே. புறப்படுவதற்கு முதல் நாள் இரவு கொத்து ரொட்டி வேண்டாம், இடியப்பமும் சொதியும் போதும். படகில் அணியத்தில் (முன்பக்கத்தில்) போய் நிற்காதீர்கள், அங்கேதான் ஆட்டம் அதிகம், நடுவிலிருந்து அமரம் (பின்பக்கம்) வரையுள்ள இடத்தில் இருந்து அடிவானத்தைப் பாருங்கள், போனைப் பார்க்கவே கூடாது. தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு நாலைந்து லீற்றர். நீளக்கைச் சட்டை, தொப்பி, இரவில் போர்த்த ஒரு சாரம்.

ஆறாம் படி: தேடலும் இழுப்பதும்

தண்ணீரை விட்டுவிட்டு வானத்தைப் பாருங்கள். பறவைகள் வட்டமிட்டுக் குத்தி விழும் இடத்தில் சின்ன மீன் மேலே தள்ளப்படுகிறது, தள்ளுவது பெரும்பாலும் சூரை. டொல்பின் கூட்டத்தோடும் மஞ்சள் துடுப்புச் சூரை சேர்ந்து போகும், மிதக்கும் மரக்கட்டை கண்டால் அதையும் விடாதீர்கள். கூட்டத்தைக் கண்டதும் ஸ்கிப்பர் அதன் நடுவே ஓட்டமாட்டார், முன்னால் போய் இயந்திரத்தைத் தணிப்பார். அவர் சொன்ன பிறகு எறியுங்கள், எறிவதற்கு முன் பின்னால் ஆள் நிற்கிறதா என்று பாருங்கள்.

வட்டத் தூண்டிலில் மீன் கவ்வினால் தடியைச் சட்டென்று வெடுக்கென இழுக்கக்கூடாது. நூல் நேராகும்வரை சுற்றினால் முள் தானாக வாய் ஓரத்தில் ஏறும். மீன் ஓடும்போது சுற்றாதீர்கள், நிற்கும்போது தடியைக் கொஞ்சம் தூக்கி, இறக்கும்போது சுற்றுங்கள். தடியை வானத்தைப் பார்க்க நிமிர்த்தவேண்டாம், முறிந்துவிடும். கடைசியில் சூரை படகுக்குக் கீழே வட்டமடிக்கும், அது உங்களை நோக்கி வரும் பாதிச் சுற்றில் நூலை வாங்கி, விலகிப் போகும் பாதியில் அப்படியே பிடித்துக்கொண்டிருங்கள். பத்து நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். மீனை மேலே தூக்கக் கொக்கி போடுவது படகில் வேலை செய்பவர்களின் பொறுப்பு, தலையில்தான் போடவேண்டும், வயிற்றில் அல்ல. ஆமையோ பாதுகாக்கப்பட்ட சுறாவோ மாட்டினால் மேலே ஏற்றாமல் நூலை முள்ளுக்குக் கிட்ட வெட்டி விட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: ஐஸ்

ஒரு தடவை நான் போன படகில் ஐஸ் பாதிதான் ஏற்றியிருந்தார்கள், இரண்டாம் நாள் மத்தியானமே தண்ணீராகிவிட்டது. நல்ல மீன் நாலு, கரைக்கு வரும்போது சதை மண்ணிறமாகி, யாருக்கும் கொடுக்க மனம் வராமல் புதைத்தோம். இழுத்து எடுத்த உயிரைக் குப்பையாக்கினோமே என்று அந்த வருடம் முழுக்க மனம் கேட்கவில்லை.

சூரை மற்ற மீன் மாதிரி இல்லை, போராடும்போது அதன் உடல் கடல்நீரை விடச் சூடாகிவிடும். குளிரவைக்காவிட்டால் சதையில் ஹிஸ்டமின் சேரும், அதைச் சமைத்தாலும் போகாது, சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலையிடித்து, தடிப்பு வரும். எனவே ஏற்றியதும் தலையில் குத்தி உடனே கொல்லுங்கள், பக்கத் துடுப்புக்குப் பின்னால் இரண்டு பக்கமும் வெட்டி இரத்தம் வடியவிடுங்கள், செவுளையும் குடலையும் எடுங்கள், கழுவி, ஐஸும் கடல்நீரும் கலந்த பெட்டியில் முழுக்க மூழ்கும்படி இறக்குங்கள். குளிர்ந்த பிறகு ஐஸுக்குள் மாற்றி வயிற்றுக்குள்ளும் ஐஸ் நிரப்பவேண்டும். மீனின் நிறைக்குச் சமமான ஐஸ் குறைந்த கணக்கு. பெட்டி நிரம்பியதும் தூண்டிலை மடியுங்கள், அதற்குப் பிறகு அடிக்கும் மீனைத் தண்ணீரிலேயே விடுங்கள்.

கரைக்கு வந்ததும் தூக்கம் கண்ணைக் கட்டும். அதற்கு முன் றீலின் டிராக்கை இறுக்கி நல்ல தண்ணீரை மெதுவாகத் தெளித்துக் கழுவுங்கள், குழாயை அழுத்திப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போய்விடும். துடைத்து, டிராக்கை முழுவதும் தளர்த்தி, நிழலில் காயவையுங்கள்.