ஊட்டுப் பொடக்காளில கோழி வளர்க்கறவங்க, பக்கத்து ஊட்டுக்காரங்க மனுப் போடறதுக்கு முன்னாடி செஞ்சு வெக்க வேண்டியது

3 சென்ட் சைட்ல ஊடு, பின்னாடி எட்டடிக்குப் பொடக்காளி, அதுல நாலு நாட்டுக்கோழி உடலாமுங்களா, கார்ப்பரேசன்காரங்க வந்து புடிச்சுட்டுப் போயிருவாங்களா, இதுதான் எங்கிட்ட நெறையப் பேரு கேக்கற கேள்வி. நான் கோயமுத்தூருக்குள்ள காளப்பட்டிப் பக்கம் பத்து வருசமா கோழி வளர்க்கறேனுங்க. நடுவுல ஒருக்கா மனு, நோட்டீஸ் எல்லாம் பாத்தாச்சு. அதுல கத்துக்கிட்டதைத்தான் எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுமையாப் படிங்க.

மொதல்ல உங்க ஊடு எந்த எல்லைக்குள்ள வருதுன்னு பாருங்க, மாநகராட்சியா நகராட்சியா பேரூராட்சியா கிராம ஊராட்சியா. சொத்துவரி ரசீதுல எழுதியிருக்கும். இது சின்ன விசயம்னு நெனைக்காதீங்க. 2011ல காளப்பட்டி, சரவணம்பட்டி, வடவள்ளி, துடியலூர், குறிச்சி, குனியமுத்தூர் எல்லாத்தையும் கோவை மாநகராட்சியோட சேத்து 100 வார்டு ஆக்குனாங்க, அதுக்கு முன்னாடி பேரூராட்சியாவோ நகராட்சியாவோ இருந்த எடம். எங்க பாட்டி காலத்துல இருந்து கோழி அதே பொடக்காளில தான் கெளறிட்டு இருக்குது, ஆனா மனு வந்தா யாரு வந்து பாக்கறாங்க, எந்தச் சட்டத்துல நோட்டீஸ் குடுக்கறாங்கங்கறது மாறிப்போச்சு. திருப்பூர்ல வேலம்பாளையம், நல்லூர்ப் பக்கம் இருக்கறவங்களுக்கும் இதே கதைதான்.

சட்டம்னு பாத்தா, நகர்ப்புறத்துல விலங்கு, பறவை வளர்க்கறதைக் கட்டுப்படுத்தி ஒழுங்குபடுத்தறதுக்குன்னே 1997ல தமிழ்நாட்டுல தனியா ஒரு சட்டம் போட்டாங்க, லைசென்ஸுக்குள்ள கொண்டு வர்றதுதான் அதோட நோக்கம். அப்புறம் 1998ல போட்ட நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், அது நடைமுறைக்கு வந்தது 2023லதான். ஆனா நான் பாத்த வரைக்கும் பிரச்சனை எந்திரிக்கறது இதுல எல்லாம் இல்லீங்க, 1939ஆம் வருசத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்துலதான். அதுல தொல்லைன்னு ஒரு வார்த்தை இருக்குது. நாத்தம், ஈ, அசுத்தம்னு அக்கம்பக்கத்து ஆளுகளோட ஒடம்புக்குக் கெடுதல் வர்ற மாதிரி இருந்தா சுகாதார அலுவலர் நோட்டீஸ் குடுத்து எடுக்கச் சொல்லலாம். அதையும் மீறிப் போச்சுன்னா வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) ஆபீஸ். பொதுத் தொல்லையை எடுக்கச் சொல்லி அங்க உத்தரவு போடற பிரிவை முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133ன்னு சொல்லுவாங்க, 2024 ஜூலை 1ல இருந்து அது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 152. ஆக, நீங்க கோழி வெச்சிருக்கறீங்களாங்கறதை விட, அந்தக் கோழியால அடுத்த ஊட்டுக்காரனுக்கு என்ன ஆகுதுங்கறதைத்தான் எல்லாரும் வந்து பாப்பாங்க. இதை மனசுல வெச்சுக்குங்க, மத்த எல்லாமே இதுல இருந்துதான்.

பண்ணைக்கான ரூலைக் கொண்டு வந்து நம்ம நாலு கோழிக்குப் போட்டுக் கொழப்பிக்க வேண்டாம். பல்லடத்துக் கறிக்கோழிப் பண்ணை, நாமக்கல் முட்டைக்கோழிப் பண்ணைக்கெல்லாம் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தோட இசைவு வாங்கோணும், அது 5000 கோழிக்கு மேல வெச்சிருக்கற கணக்கு. நமக்கு அது கெடையாது.

உங்க ஊர்ல தனியா ஏதாச்சும் தீர்மானம், துணைவிதி இருக்குதான்னு தெரிஞ்சுக்க வாயில கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு வெள்ளைத்தாள்ல எழுதி, 10 ரூபா கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, உங்க உள்ளாட்சியோட பொதுத் தகவல் அலுவலருக்கு ரிஜிஸ்டர் தபால்ல போடுங்க. குடியிருப்புப் பகுதியில ஊட்டுத் தேவைக்குக் கோழி வளர்க்க லைசென்ஸ் வேணுமா, எத்தனை கோழி வரைக்கும், கட்டணம் எவ்வளவு, இது சம்பந்தமா மன்றத் தீர்மானம் இருந்தா நகல் குடுங்க, இவ்வளவுதான் கேக்கோணும். 30 நாளுக்குள்ள பதில் குடுக்கோணும். வர்ற பதிலை லேமினேட் பண்ணியே வெச்சுக்குங்க, நாளைக்கு எவனாச்சும் வந்து கேட்டா அதை எடுத்துக் காட்டறதுதான் பேச்சு. கிராம ஊராட்சியா இருந்தா ஊராட்சிச் செயலர்கிட்டக் கேளுங்க, இல்லாட்டி கிராம சபையில கேளுங்க, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2ன்னு கூட்டம் நடக்குமல்லங்க, அன்னிக்கு நாலு பேரு முன்னாடி கேட்டா பதில் சுத்தமா வரும். வாடகை ஊடா இருந்தா ஊட்டுக்காரர்கிட்ட மொதல்லயே சொல்லிப்போடுங்க, அக்ரிமெண்ட்ல எழுதிக்கிட்டா இன்னும் நல்லது.

இப்ப சாவல் விசயத்துக்கு வர்றேன். நூத்துல தொண்ணூறு சண்டை இதுலதாங்க.

எங்க பக்கத்து ஊட்டு ஆத்தாவுக்கு முட்டி ஆபரேசன் பண்ணிக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. அவிங்க பையன்தான் மனுப் போட்டாரு. எனக்கு அப்படி ஒரு கோவம், இத்தனை வருசமாப் பழகிட்டு நேர்ல ஒரு வார்த்தை சொல்லாம ஆபீஸுக்கு எழுதிப்போட்டாங்களேன்னு. ஆத்தாவைப் பாக்கப் போனப்ப அவிங்களே சொன்னாங்க, "ஏங்கண்ணு, ஒரு நாளைக்கு வெள்ளென வந்து என்ற ரூம்புல உக்காந்து பாரு." சரின்னு மூணரை மணிக்கு எந்திரிச்சுப் போனேன். ஆத்தா கட்டல்ல முழிச்சுட்டுத்தான் படுத்திருந்தாங்க, ஒண்ணும் பேசல, மேல சுத்தற பேனையே பாத்துட்டு இருந்தாங்க, அடுத்த கத்து எப்ப வரும்னு காத்துட்டு இருக்கற மாதிரி. 3.40க்கு மொதக் கூவல். என்ற ஊட்டுக்குள்ள படுத்திருந்தப்ப அந்தச் சத்தம் தூரத்துல கேக்கற மாதிரித்தான் இருக்கும், நடுவுல சமையக்கட்டு, ஹால்னு ரெண்டு செவுரு இருக்குது. ஆத்தா ஜன்னலுக்கும் என்ற கூட்டுக்கும் நடுவுல ஆறடி. நெஞ்சைத் தூக்கிவாரிப் போட்டுது. 4.45 வரைக்கும் எண்ணிப் பாத்தேன், இருவத்தி மூணு தடவை. எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. அன்னிக்குப் பொழுதோட சாவலைக் கூடையில போட்டுக் காங்கயம் பக்கம் மாமன் தோட்டத்துல கொண்டு போய் உட்டுட்டேன்.

சத்தத்துக்கும் ரூல் இருக்குது. 2000ல வந்த ஒலி மாசு விதிகள்ல குடியிருப்புப் பகுதிக்குப் பகல்ல 55 டெசிபல், ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் 45 டெசிபல்னு போட்டிருக்குது. விடியக்காலம் நாலு மணிங்கறது அந்தக் கணக்குல ராத்திரிதான், பக்கத்துல நின்னு கூவற சாவல் 45க்குள்ள நிக்காது.

சாவல் இல்லாட்டி முட்டை எப்படி வரும்னு கேக்கறவங்க இன்னும் இருக்கறாங்க. வருமுங்க. பொட்டைக்கோழி முட்டை போடறதுக்குச் சாவலே தேவையில்ல, குஞ்சு பொரிக்கறதுக்குத்தான் சாவல் வேணும். அடைக்கோழி படுத்துச்சுன்னா மாமன் தோட்டத்துல இருந்து சாவல் சேந்த முட்டையா பத்துக் கொண்டு வந்து வெக்கறேன், 21 நாள்ல குஞ்சு எறங்கிருது. அப்படியும் சாவல் வேணும்னா ஒண்ணே ஒண்ணு வெச்சுக்குங்க. ராத்திரிக்கு இருட்டா, கூரை தாழ்வா இருக்கற பெட்டியில அடைங்க, கழுத்தை நிமித்தி நீட்ட முடியாட்டி கூவறது கொறையும், ஆனா காத்துப் போக ஓட்டை கட்டாயம் இருக்கோணும், மூச்சு முட்ட அடைக்கறது பாவம். காலைல 6 மணிக்கு மேலதான் தெறந்து உடோணும். மொட்டை மாடியில ஏழெட்டுப் பெருவெடைச் சாவல் (சண்டைச் சாவல்) கட்டி வெச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன், மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960ல சண்டைக்குத் தூண்டி உடறது குத்தம், அதுல போலீஸ் வந்தா நீங்க ஊட்டுக்கு வளர்த்தேன்னு சொல்றது எடுபடாது.

அடுத்தது நாத்தம். கோழி நாறாதுங்க, ஈரம்தான் நாறும். பீ காஞ்சு கெடந்தா மூக்குல ஒண்ணும் தெரியாது, அதுல தண்ணி பட்டாத்தான் கண்ணெரியற மாதிரி ஒரு நெடி வரும். அதனால கூட்டுக்குள்ள மூணு நாலு இஞ்சுக்குத் தென்னை நார்க்கழிவோ கடலைத் தோலோ உமியோ போட்டு வெச்சுக்குங்க, பொள்ளாச்சி, காங்கயம் பக்கம் நார்க்கழிவு லோடு கணக்குல கெடக்குது, கயிறு மில்லுல ரெண்டு மூட்டை சொன்னாக் குடுப்பாங்க. நல்லாக் காஞ்சதாப் பாத்து வாங்குங்க. கையில அள்ளிப் புடிச்சு உட்டா உதிரோணும், உருண்டையா நின்னுச்சுன்னா ஈரம் ஏறிப்போச்சுன்னு அர்த்தம். ரெண்டு நாளைக்கு ஒருக்காக் கெளறி உட்டு, ஈரம் தெரியற எடத்துல நீத்த சுண்ணாம்பு கொஞ்சம் தூவுங்க. தண்ணிக் கிண்ணத்தைக் கூட்டுக்கு வெளிய வைங்க, முக்கால்வாசி ஈரம் அதுல இருந்து சிந்தறதுதான். வெய்யக் காலத்துல ஈ முட்டை போட்டு புழுவாகிப் பறக்கறதுக்கு ஒரு வாரம் பத்து நாள்தான் ஆகுது, அதனால கூட்டுக்கடியில சேர்றதை வாரம் ஒருக்கா அள்ளிப்போட்டா ஈ பெருகவே முடியாது. அள்ளுனதைச் சலதாரையில, அதான் சாக்கடையில, தள்ளிராதீங்க, மொத மனுவே அதுக்குத்தான் வரும். மூடி போட்ட ட்ரம்ல தென்னைக்கு மக்க உடுங்க, இல்லாட்டி தோட்டத்துக்காரங்க வந்தே வாங்கிட்டுப் போவாங்க.

தீனியை ராத்திரிக்கு உட்டு வெச்சா பெருக்கான் (பெருச்சாளி) வரும், பெருக்கான் பின்னாடியே பாம்பு வரும், அப்புறம் தெருவே உங்க ஊட்டு வாசல்ல நிக்கும். கம்பு, சோளம் எதுவானாலும் பொழுதோட தின்னு முடிக்கற அளவுக்குப் போடுங்க, மிச்சத்தைச் சீமாத்துல கூட்டிருங்க.

கூட்டைக் காம்பவுண்டு செவுத்தோட ஒட்டிக் கட்டாதீங்க, அடுத்தவங்க ஜன்னல், சமையக்கட்டு, கெணறு, போர் இதுக்கெல்லாம் எட்ட, உங்க ஊட்டுச் செவுத்துப் பக்கமா வைங்க. நாத்தம் வந்தா மொதல்ல உங்களுக்கு வரட்டும், அப்பத்தான் சுத்தம் பண்ணத் தோணும். செங்கல் வெச்சு ஷீட் போட்டு நெலையாக் கட்டுனா அது கட்டட விதியில செட்பேக் (எல்லையை ஒட்டிச் சும்மா உட வேண்டிய எடம்) பிரச்சனையாப் போயிரும், நகத்தற மாதிரி மரக்கூடோ கம்பிக்கூடோ போதும். ராத்திரி அடையறதுக்குக் கோழிக்கு ரெண்டு சதுரடி, பகல்ல திரியறதுக்கு எட்டுப் பத்து சதுரடி கணக்கு வெச்சாப் போதும், என்ற பொடக்காளிக்கு அஞ்சுக்கு மேல தாங்காது. பகல்ல ரோட்டுல உடாதீங்க, அடுத்தவங்க கீரைப்பாத்தியைக் கெளறிப்போட்டா அதுக்கு எந்தச் சட்டமும் உங்களுக்குத் தொணைக்கு வராது.

நோயி வந்தா அது உங்க கோழியோட நிக்காதுங்க, வளவு முழுக்கப் போயிரும். வெள்ளைக்கழிச்சலுக்கு (ராணிகெட் நோயி) ஏழாம் நாள் குஞ்சுக்குக் கண்ணுலயோ மூக்குலயோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து, எட்டாவது வாரம் றெக்கைக்கடியில தடுப்பூசி. பிப்ரவரி மாசம் கால்நடைத்துறை முகாம்ல சும்மாவே போடறாங்க, சங்கடப்படாமக் கூடையில வெச்சு எடுத்துட்டுப் போங்க. திடீர்னு ரெண்டு மூணு கோழி ஒண்ணா செத்துச்சுன்னா கறிக்கு வெட்டாதீங்க, கொளத்துலயோ நொய்யல்லயோ வீசாதீங்க, கால்நடைத்துறை போன் நம்பர் 1962க்குக் கூப்பிட்டுச் சொல்லிட்டு, அவிங்க சொல்ற மாதிரி ஆழமாக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் பொதைங்க. பறவைக்காய்ச்சல்னு உறுதியானா ஒரு கிலோமீட்டர் சுத்தளவுல இருக்கற கோழியை எல்லாம் அழிச்சுப்போடுவாங்க, 10 கிலோமீட்டர் வரைக்கும் கண்காணிப்பு. மறைச்சு வெச்சா ஊருக்கே நட்டம்.

இன்னொண்ணு, நம்ம பக்கம் மயிலு ஜாஸ்தியாப் போச்சு, காட்டுல கெடைச்ச மயில் முட்டையை அடைக்கோழிக்கு வெச்சுப் பொரிக்க வெக்கறாங்க. தயவு செஞ்சு வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ல மயிலு மொத அட்டவணை, அதாவது ரொம்பப் பாதுகாப்புக் குடுத்திருக்கற பட்டியல், ஜெயிலுக்கே போற கேஸு. கௌதாரியைக் கூண்டுல வெக்கறதும் குத்தம்தான்.

கடைசியா நோட்டீஸ் வந்துட்டா என்ன பண்றது. பயந்து கோழியை வித்துப்போடறதோ கிழிச்சு வீசறதோ வேண்டாம். அதுல எத்தனை நாளுக்குள்ளன்னு தேதி இருக்கும், அன்னிக்கே கூட்டையும் பொடக்காளியையும் போட்டோ எடுங்க, பக்கத்து ஊட்டு ஜன்னல் எவ்வளவு தூரம்னு டேப் வெச்சு அளந்துக்குங்க. சாவலை எடுத்தாச்சு, வாரம் ஒருக்கா அள்ளறோம், தடுப்பூசி போட்டிருக்குது, வந்து பாத்துக்கலாம்னு ஒரு பக்கத்துல எழுதி, தேதிக்குள்ள குடுத்து, நகல்ல சீல் வாங்கிக்குங்க. மனுப் போட்டவங்க ஊட்டுக்கும் அதே நாள் போங்க. நான் ஆத்தாவோட பையனையே கூட்டிட்டு வந்து கூட்டைக் காட்டினேன், உனக்கு இன்னும் எது எடைஞ்சலா இருக்குது, சொல்லு தம்பின்னு கேட்டேன். தண்ணித்தொட்டி பக்கத்துல ஈ இருக்குதுங்கண்ணான்னாரு, அதை எடம் மாத்தினேன். பத்து நாள் கழிச்சு சுகாதார ஆய்வாளர் வந்தப்ப அந்தத் தம்பி தான் கூட நின்னு, இப்ப ஒண்ணும் தொந்தரவு இல்லீங்கன்னு சொன்னாரு. ஆய்வாளர் செருப்போட கூட்டுக்குள்ள கால் வெச்சு நார்க்கழிவை அமுக்கிப் பாத்தாரு, உதிர்ந்துச்சு, எழுதிட்டுப் போயிட்டாரு. ஆத்தா இப்ப நடக்கறாங்க, தெனமும் காலைல பழைய சோத்துல மிச்சத்தைக் காம்பவுண்டுக்கு மேல இருந்து கோழிக்குப் போடறாங்க.