ஸ்டெரைல் (கிருமி நீக்கின) பொருளுக்கு ரீகால் வந்தா நாம பண்ற தப்புகள்

அம்மாவுக்கு கைல பிக் லைன் (ரத்தக்குழாய்க்குள்ள மருந்து ஏத்தறதுக்கு வெக்கற நீளமான மெல்லிய குழாய்) போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தாங்க, தினமும் சலைன் (உப்புத்தண்ணி) நிரப்பின சிரிஞ்சால ஃப்ளஷ் பண்ணணும், அதாவது குழாய் அடைச்சுக்காம கழுவி விடணும். வாங்கிட்டு வந்த உடனே அட்டைப்பெட்டிய தூக்கிப் போட்டுட்டு சிரிஞ்செல்லாம் ஒரே டப்பால போட்டுடுவேன், பழசு புதுசு எல்லாம் கலந்து. ஒரு நாள் இந்த சிரிஞ்சுக்கு ரீகால், அதாவது கோளாறு இருக்கலாம்னு கம்பெனி திரும்ப வாங்கறது, வந்திருக்குன்னு நர்ஸ் போன் பண்ணி "உங்ககிட்ட இருக்கறதோட லாட் நம்பர் என்ன, படிங்க"ன்னாங்க. ஒவ்வொரு கவரா எடுத்து வெளிச்சத்துல பிடிச்சு படிச்சா மூணு வேற வேற லாட் (ஒரே தடவைல சேர்த்து தயாரிச்ச தொகுதிய லாட்னு சொல்வாங்க). ரெண்டு வாரமா அம்மாவுக்கு இதுல எதைப் போட்டேன்னு என்னால சொல்லவே முடியல, அன்னிக்கு ராத்திரி முழுக்க அவங்க நெத்திய தொட்டு தொட்டு பாத்துட்டே இருந்தேன். நல்லவேளை காய்ச்சல் வரல.

அதனால பெட்டிய தூக்கிப் போடறதுதான் முதல் தப்பு. அடுத்தது எக்ஸ்பயரிய மட்டும் பாக்கறது. "இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே"ன்னு விட்டுடறாங்க, ரீகாலுக்கும் எக்ஸ்பயரிக்கும் சம்பந்தமே இல்லங்க. லேபிள்ல மணல் கடிகாரம் படம் பக்கத்துல இருக்கறது எக்ஸ்பயரி, கட்டத்துக்குள்ள லாட்னு போட்டிருக்கே அது பக்கத்துல இருக்கறதுதான் ரீகால் லிஸ்ட்ல தேட வேண்டிய நம்பர். பார்கோடு கீழ பிராக்கெட்டுக்குள்ள 10னு போட்டு வந்தாலும் அது லாட்தான், 17னு வந்தா எக்ஸ்பயரி.

எனக்கு ரொம்ப கவலையா இருக்கறது "பாக்க நல்லாதானே இருக்கு, கவர் கூட கிழியலயே"ங்கற பேச்சு. கிருமி கண்ணுக்கு தெரியாது, சீல் ஓரத்துல முடி கனத்துல ஒரு இடைவெளி விட்டுப்போனா அதுவும் தெரியாது. சரி, கம்பெனி டெஸ்ட் பண்ணிதானே அனுப்பறாங்கன்னா, டெஸ்ட் பண்ணணும்னா கவர பிரிச்சாகணும், பிரிச்சத விக்க முடியாது, அதனால கொஞ்சத்தைத்தான் எடுத்து பாக்க முடியும். நூத்துல ஒண்ணு கெட்டிருக்கற ஒரு லாட்ல இருந்து 20 எடுத்து டெஸ்ட் பண்றாங்கன்னு வைங்க, அந்த 20ம் சுத்தமா வந்துடறதுக்கு 80 சதவீதத்துக்கு மேல வாய்ப்பு இருக்கு, கணக்கு போட்டு பாருங்க. ஸ்டெரைல்னு போடறதுக்கு வழக்கமா வெச்சிருக்கற அளவோ பத்து லட்சம் பொருள்ல ஒண்ணுக்கு மேல கிருமி மிஞ்சக்கூடாதுங்கறது! அந்த அளவை டெஸ்ட்ல காட்டவே முடியாது, கேஸ், ரேடியேஷன், நீராவி எதுல பண்ணாலும் அந்த பிராசஸ் சரியா நடந்துச்சு, சீல் சரியா ஒட்டுச்சுங்கற நம்பிக்கைலதான் நிக்குது. அந்த நம்பிக்கை போச்சுன்னா கிருமிய கண்டுபிடிக்காமலே ரீகால் வரும், "கிருமி இருக்குன்னு நிரூபிச்சாங்களா"ன்னு கேட்டு காத்திருக்காதீங்க.

கொதிக்க வெச்சா சரியாயிடும், ஸ்பிரிட்ல துடைச்சா போதும்னு நினைக்கறதும் தப்புதான். ஸ்போர்னு சொல்ற விதை மாதிரி நிலைல இருக்கற பாக்டீரியாவ ஸ்பிரிட் கொல்லாது, கொதிக்கற தண்ணியையும் அது தாங்கிடும், அதனாலதான் ஆட்டோகிளேவ்ல (நீராவியால கிருமி நீக்கற மெஷின்) அழுத்தம் ஏத்தி 121 டிகிரி வரைக்கும் போறாங்க. 2011ல அமெரிக்காவுல ஊசி போடறதுக்கு முன்னாடி துடைக்கற ஆல்கஹால் பேடையே, அதுல பேசில்லஸ் சீரியஸ்ங்கற பாக்டீரியா இருக்கலாம்னு ரீகால் பண்ணாங்க.

அப்புறம் ஒரு தடவ பாத்தோம், நம்ம லாட் இல்ல, முடிஞ்சுதுன்னு விட்டுடறது. 2007 டிசம்பர்ல அமெரிக்காவுல செராஷியாங்கற பாக்டீரியா ரத்தத்துல கலந்து நோயாளிகளுக்கு இன்ஃபெக்‌ஷன் வந்தப்ப, முதல்ல ஒரு லாட் ஹெபாரின் (ரத்தம் உறையாம தடுக்கற மருந்து) சிரிஞ்சத்தான் திரும்ப வாங்கினாங்க, 2008 ஜனவரிலயே அந்த கம்பெனியோட ஹெபாரின், சலைன் சிரிஞ்ச் எல்லாத்துக்கும் ரீகால் வந்துடுச்சு. லிஸ்ட் வளரும், ஒரு மாசம் கழிச்சு திரும்ப பாருங்க. டிரெஸ்ஸிங் கிட், கதீட்டர் கிட் இருந்தா உள்ள இருக்கற ஒவ்வொண்ணையும் பாருங்க. 2023 நவம்பர்ல நர்ஸ் அசிஸ்ட்ங்கற கம்பெனி சலைனையும் ஸ்டெரைல் தண்ணியையும் திரும்ப வாங்கினப்ப, அத உள்ள வெச்சு வேற பேர்ல வித்த கிட்டுகளும் சேர்ந்துதான் மாட்டுச்சு, வெளிய இருக்கற பேரை மட்டும் பாத்தா தெரியாது.

உடம்புக்குள்ள வெச்ச பொருளுக்கு ரீகால் வந்தா பயந்து "உடனே எடுத்துடுங்க"ன்னு நிக்காதீங்க, எடுக்கறதும் ஒரு ஆபரேஷன்தான். வெச்சவங்ககிட்ட, என்ன பொருள் வெச்சாங்கன்னு எழுதிக் குடுத்த இம்பிளான்ட் கார்டோட போய் கேளுங்க. காய்ச்சல், குளிர் நடுக்கம், அந்த இடத்துல சிவப்பு, சீழ்னு எது வந்தாலும் காத்திருக்க வேணாம், உடனே போய் இந்த ரீகாலையும் சொல்லுங்க, சொன்னாதான் டாக்டர் ரத்தம் எடுத்து கல்ச்சர் (கிருமி வளருதான்னு பாக்கற டெஸ்ட்) அனுப்பணுமான்னு யோசிப்பாரு.

லிஸ்ட்ல இருக்கற பொருள குப்பைல போட்டுடாதீங்க, அக்கம்பக்கத்துல யாருக்கும் குடுத்துடவும் வேணாம். தனியா ஒரு கவர்ல போட்டு கட்டி, மேல "பயன்படுத்தாதே"ன்னு பெருசா எழுதி, வாங்கின இடத்துல சொல்லிட்டு அவங்க கேக்கற வரைக்கும் வெச்சிருங்க. மாத்தி வேற தர்றதுக்குள்ள ஃப்ளஷை நிறுத்திடவும் கூடாது, லைன் அடைச்சுக்கும், போன்லயே நர்ஸ்கிட்ட அன்னிக்கு எதை வெச்சு பண்றதுன்னு கேட்டுடுங்க.