பாதி நாள் வீடு, பாதி நாள் ஆபீஸ்: அரசு அலுவலகங்களில் எங்கே தவறு நடக்கிறது?

2020 மே மாதம் ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்ததும் தமிழ்நாடு அரசு அலுவலகங்கள் 50 சதவீதப் பணியாளர்களோடு, சுழற்சி முறையில், வாரத்துக்கு ஆறு நாள் இயங்கின. அப்போது நான் சென்னையில் ஒரு அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் வேலையில் இருந்தேன். வருகைப் பட்டியலை எடுத்துப் பெயர்களை இரண்டாகப் பிரித்தார்கள், பாதிப்பேர் ஆபீஸ், பாதிப்பேர் வீடு, அவ்வளவுதான் திட்டம்.

முதல் தவறும் பெரிய தவறும் அதுதான். பிரிக்க வேண்டியது ஆட்களை அல்ல, வேலையை.

ஒரு நாள் குடும்ப ஓய்வூதிய நிலுவை கேட்டு ஒரு அம்மா மகனுடைய ஸ்கூட்டரில் வந்தார், அது மூன்றாவது தடவை. கோப்பு எங்கள் அறை பீரோவில்தான் இருந்தது, ஆனால் அந்தச் சீட்டை, அதாவது அந்தக் கோப்புகளுக்கான இருக்கையை, பார்ப்பவர் அன்று வீட்டில், சாவியும் அவரிடம். நான் எதிரே உட்கார்ந்திருந்தும் எதுவும் செய்ய முடியவில்லை. "சரிங்க சார், நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்டார். நாளைக்கும் அந்தச் சீட்டுக்காரர் வர மாட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தச் சீட்டுக்காரர் வீட்டில் சும்மா இருக்கவில்லை, தணிக்கையில் எழுப்பிய ஆட்சேபங்களுக்கு விளக்கம் தயாரித்துக்கொண்டிருந்தார், அது வீட்டிலேயே நன்றாக முடியும் வேலை. தகவல் உரிமைச் சட்ட மனுவுக்கு வரைவு, மாதாந்திர அறிக்கை, மாவட்டங்களிலிருந்து வரும் விவரங்களைத் தொகுப்பது, இதற்கெல்லாம் நடுவில் யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரம் கிடைத்தால் போதும். மனுதாரரைப் பார்ப்பது, பழைய காகிதக் கோப்பைப் புரட்டுவது, தபால் பிரிப்பது எல்லாம் ஆபீஸில்தான் நடக்கும். முதலில் இந்தப் பட்டியலைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு மாற்று ஆளை எழுத்தில் நியமித்து, வந்த தபாலையும் அதன்மேல் எடுத்த நடவடிக்கையையும் பதியும் தன்பதிவேட்டை இருவரும் பார்க்கும்படி வைத்து, சாவியை ஆபீஸிலேயே விட்டுவிட்டு, அப்புறம் யார் எந்த நாள் வருவது என்று பேசலாம்.

வெளிநாட்டு அரசுத் துறைகளில் நடந்த ஆய்வுகளும் இதையேதான் காட்டுகின்றன. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில், ஏற்கெனவே வீட்டிலிருந்து விண்ணப்பங்களைப் பரிசீலித்தவர்களை எந்த ஊரிலிருந்தும் வேலை பார்க்கலாம் என்று விட்டபோது, முடித்த வேலை 4.4 சதவீதம் கூடியது. அது ஒவ்வொருவரும் தனியாகச் செய்கிற வேலை. மான்செஸ்டர் காவல்துறையில் அவசர அழைப்பை எடுப்பவரும் காவலரை அனுப்புபவரும் ஒரே அறையில் இருந்தபோதுதான் வேலை வேகமாக நடந்தது, ஏனென்றால் அங்கே ஒருவர் சொல்ல இன்னொருவர் செய்ய வேண்டும்.

வீட்டில் இருப்பவரை மணிக்கொரு தடவை போனில் கூப்பிட்டுச் சோதிப்பது அடுத்த தவறு. எத்தனை நடப்புகள் (வந்த தபால்கள்) முடிந்தன, எத்தனை நிலுவை என்று தன்பதிவேடே சொல்லும்போது அந்தப் போன் எதற்கு? டிரிப் டாட் காம் என்ற சீனப் பயண முன்பதிவு நிறுவனத்தில் 1,600 பேரை வைத்து நடந்த ஆய்வில், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களின் செயல்திறன் மதிப்பீடு குறையவில்லை, வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் அது தனியார் நிறுவனம். அரசு வேலையை யாரும் லேசில் விட மாட்டார்கள், அதனால் இங்கே மனக்குறை ராஜினாமாவாகத் தெரியாது, மருத்துவ விடுப்பாகவும் இடமாற்றல் மனுவாகவும் நகராத கோப்பாகவும்தான் தெரியும். திருப்தியை அளக்க நினைப்பவர்கள் அங்கே பார்க்கட்டும்.

கோப்புகளைக் கணினியிலேயே நகர்த்தும் இ-ஆபீஸ் இருந்தும், டிஜிட்டல் கையொப்பம் போடத் தேவையான டாங்கிளை (பென் டிரைவ் மாதிரி ஒரு சின்னக் கருவி) மேசை டிராயரில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவரை நான் பார்த்திருக்கிறேன். அவசரத்துக்கு அலுவலக உதவியாளரை விட்டு டிராயரைத் திறக்கச் சொல்லி, பாஸ்வேர்டையும் போனிலேயே சொன்னார். அது அவருடைய கையெழுத்தையே இன்னொருவரிடம் கொடுத்த மாதிரி, தயவுசெய்து செய்யாதீர்கள். இரவு 9 மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும் உத்தரவும் இப்படித்தான். மறுநாள் அதைக் குறிப்புக் கோப்பில் ஏற்றாவிட்டால், நாளைக்குத் தணிக்கையில் மாட்டுவது குறிப்பு எழுதிய உதவியாளர்.

இதில் எனக்கு ரொம்ப வலிப்பது இன்னொன்று. அலுவலக உதவியாளர், ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர், தபால் பிரிவு, இவர்களுக்கு வீட்டிலிருந்து வேலை என்பதே கிடையாது. மற்றவர்கள் வராத நாளில் அவர்களுடைய வேலையும் இவர்கள் தலையில்தான் விழுகிறது. இவர்களுக்கு நேரத்திலாவது சலுகை கொடுக்கலாம். 2020 மார்ச்சில் மத்திய அரசு 9 முதல் 5.30, 9.30 முதல் 6, 10 முதல் 6.30 என்று மூன்று நேரங்களைப் பரிந்துரைத்ததே, அதையே எடுத்துக்கொள்ளலாம். காலை ஒன்பதரைக்குத் தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில் நின்றுகொண்டு போகிறவருக்கு அரை மணி நேரம் முன்னே பின்னே என்பது எவ்வளவு பெரிது என்று நான் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக, குரூப் 4 எழுதிப் புதிதாக வந்த இளநிலை உதவியாளரை முதல் ஆறு மாதம் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அவருடைய சூப்பிரண்டும் அதே நாட்களில் ஆபீஸில் இருக்க வேண்டும். என் முதல் குறிப்பில் என் சூப்பிரண்டு சிவப்பு மையில் நாலு வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, ஏன் அடித்தேன் என்று கால் மணி நேரம் விளக்கினார். இன்றைக்கும் நான் குறிப்பை அப்படித்தான் எழுதுகிறேன்.