சின்னப் பசங்களுக்கு கதை இல்லாத புக் எப்படி பாத்து எடுக்கறது?

மூணாவது நாலாவது படிக்கற பசங்களுக்கு அறிவியல், வரலாறு புக் வாங்கணும்னா அவங்க கண்ணால பாத்ததுல இருந்து ஆரம்பிங்க. வேலூர் கோட்டை அகழியை சுத்திக் காட்டிட்டு அங்க நடந்த 1806 சிப்பாய் புரட்சி பத்தி படம் போட்ட புக்கை கையில குடுத்தா தானா படிப்பாங்க, காவலூர் வானாய்வு மையத்துல 2.3 மீட்டர் டெலஸ்கோப் பாத்துட்டு வந்தா அடுத்தது நட்சத்திரம், கிரகம் பத்தின புக். கடையில நடுப்பக்கத்தைத் தொறந்து புள்ளையவே சத்தமா வாசிக்க சொல்லுங்க, ஒரே பக்கத்துல அஞ்சாறு எடத்துல திக்குனா அது இப்போதைக்கு வேணாம். பளபளன்னு தடி என்சைக்ளோபீடியா எல்லாம் அலமாரிக்குதாங்க அழகு. பொருளடக்கம் இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க. செலவே வேணாம்னா பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் சைட்டுல தமிழ்லயே ஃப்ரீயா இருக்கு, வாசிக்க எவ்வளவு சுலபம்னு பாத்து லெவல் 1ல இருந்து 4 வரைக்கும் பிரிச்சு வெச்சிருக்காங்க, போன்லயே படிக்கலாம்.